திட்டக்குடி வண்டியில் அளந்த தோள்

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு சிரிப்புக் கதை சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் நான் இயன்முறை மருத்துவராக வேலை பார்த்த மருத்துவமனைக்கு, செராமிக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் தோள்வலிக்கு வந்துகொண்டிருந்தார். களிமண் கலவை ஊற்றிய கனமான அச்சுகளைத் தலைக்கு மேலே உள்ள தட்டில் ஏற்றி அடுக்குவது அவர் வேலை. எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த பெண் ஒவ்வொரு வாரமும் அவரிடம் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு எழுதி வந்தாள். முதலில் மூன்று, பிறகு ஐந்து, அப்புறம் எட்டு. சிகிச்சை எங்கோ தவறிப்போய்விட்டது என்று பயந்து, முகம் வெளுத்து என்னிடம் ஓடி வந்தாள். நான் போய்ப் பார்த்தால், மனிதர் வலிக்கிற கையாலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"இப்ப எட்டு மார்க்கு குடுக்கலாம் மேடம். இன்னும் ரெண்டுதான் பாக்கி" என்றார்.

பத்துக்குப் பத்து என்றால் நல்ல மார்க்கு என்றுதானே பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் பழக்கம். அவர் தன் வலிக்கு மார்க்குப் போடவில்லை, தன் தோளுக்குப் போட்டிருக்கிறார். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு நோயாளி ஓர் எண்ணைச் சொன்னதும் நான் உடனே எழுதுவதில்லை. நான் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வந்ததா, இல்லை அவர் மனதில் ஓடுகிற வேறொரு கேள்விக்கு வந்ததா என்று ஒரு நிமிடம் யோசிப்பேன்.

செல்வராணி வந்தபோது அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு உதவியது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். செல்வராணி அரசுப் பேருந்தில் நடத்துநர். அவள் கணவர் ஓட்டுநராக இருந்து நோயில் இறந்துபோனதால், கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான பெண். உயர விதியைத் தளர்த்திய பிறகு வேலைக்கு எடுக்கப்பட்டவள். விருத்தாசலத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி வழியாகத் திட்டக்குடி போகிற வண்டியில் அவளுக்கு வேலை. ஒரு நாள் காலை, பள்ளிக்கூட நேரத்துக் கூட்டத்தில், கூரையை ஒட்டி ஓடும் மேல்கம்பியை எம்பிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். குறுக்கே ஆடுகள் வந்துவிட, ஓட்டுநர் பிரேக் போட, உடம்பு முன்னால் போயிருக்கிறது, கை கம்பியிலேயே இருந்திருக்கிறது. வலது தோளில் தசைநாண் பாதி கிழிந்துவிட்டது. அறுவை தேவையில்லை, பயிற்சியிலேயே சரியாகும் என்று எங்கள் எலும்பு மருத்துவர் என்னிடம் அனுப்பினார்.

நான் கேட்டேன். "வலி எவ்வளவு இருக்குது?"

"அவ்வளவா ஒண்ணும் இல்லீங்க மேடம். ரெண்டு போட்டுக்கங்க."

போட்டுக்கொள்ளச் சொல்கிற எண்ணை நம்பக்கூடாது. அவளைப் பார்த்தேன். கூந்தல் நன்றாகப் பின்னியிருந்தது, ஆனால் சின்னப் பெண்கள் பின்னுவதுபோல இரட்டைப் பின்னலாக இருந்தது. ரவிக்கையின் தோளில் குத்தியிருந்த ஊக்கு, வேறு யாரோ எதிரே நின்று குத்தியது போலிருந்தது.

"தலை யாரு பின்னி வுட்டா?"

"எம் பொண்ணு."

"ஏன், நீயே பின்னிக்கறதில்லையா?"

அவள் குனிந்து மடியிலிருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இதோ பாரும்மா, இந்த நம்பரு டிப்போவுக்குப் போகாது. நான் வைத்தியம் பாக்கறதுக்குத்தான். நீ ரெண்டுன்னு சொன்னா ரெண்டுக்கு உண்டான பயிற்சி குடுப்பேன். தோளு ஒம்போதுல இருந்தா மிச்சமும் கிழிஞ்சுடும்."

அப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் நீர் இருந்தது. "ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலைங்க மேடம். சோத்தப் பெசைஞ்சு வாயில வைக்கறதுக்குள்ள உசுரு போவுது. எட்டு, ஒம்போதுன்னே வச்சிக்கங்க. ஆனா அத சொன்னேன்னா, 'பொம்பளைக்கு இந்த வேல ஒத்து வராதுன்னு நாங்க அப்பவே சொன்னோம்'பாங்க. ஆபீஸ்ல ஒரு மூலையில உக்கார வச்சிருவாங்க. கல்யாணம் ஆனதுலேருந்து வூட்டுலதான் உக்காந்திருந்தேன். பஸ்ஸுல ஏறுன பொறவுதான் எனக்கு நாலு ஊரு தெரிஞ்சுது, நாலு மனுசரு தெரிஞ்சாங்க. எறங்க மாட்டேன் மேடம்."

வலி எத்தனை என்று நான் கேட்டேன். வேலை போய்விடுமா என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். அன்று அவள் உண்மையைச் சொன்ன பிறகுதான் எங்கள் சிகிச்சை தொடங்கியது என்று சொல்வேன்.

சிகிச்சையின் தினசரி விவரம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். செல்வராணி கடும் உழைப்பாளி. நான் சொன்ன பயிற்சியைச் சொன்னபடி செய்தாள், சொல்லாததைச் செய்யவில்லை. இரண்டாவதுதான் அரிது. மாதங்கள் போகப்போக வலி உண்மையிலேயே இறங்கியது. தலையை அவளே பின்னிக்கொண்டு வந்தாள். மேல் தட்டிலிருந்து பாத்திரம் எடுத்தாள். நாம் மதிப்பெண் போடும் கேள்விப் பட்டியல் முழுவதுக்கும் நல்ல பதில் வந்தது. கை மட்டும் முழுசாக மேலே போகவில்லை. காதை நெருங்கும் முன் ஓர் இடத்தில் நின்றுவிடும். எவ்வளவு முயன்றும் அந்தக் கடைசிக் கொஞ்சம் வரவில்லை.

மருத்துவ விடுப்பு முடிகிற நேரம் வந்தது. வேலைக்குத் தகுதியா என்று பார்க்க மருத்துவக் குழு உட்காரும். அந்தக் கடைசிக் கொஞ்சம்தான் அவர்கள் கண்ணில் முதலில் படும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு காலை, நான் திட்டக்குடி வண்டியில் ஏறிப் பயணம் செய்தேன். நடத்துநர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் நோக்கம். அன்று இருந்தவர் உயரமான ஆள். மேல்கம்பியைப் பிடித்திருந்தார். பார்த்தால் அவர் கை தோள் மட்டத்துக்குச் சற்று மேலே, முழங்கை மடங்கி, ஓய்வாக இருக்கிறது. அதே கம்பியைப் பிடிக்கச் செல்வராணி கையை முழு நீளத்துக்கு நீட்டி எம்ப வேண்டும். கம்பி ஒன்றுதான். அவர் தோளுக்கு அது சும்மா தொங்குகிற இடம், அவள் தோளுக்கு அது கடைசி எல்லை.

மறுநாள் அவளிடம் இதைச் சொன்னேன். கை முழுசாக வரும்வரை விடுப்பை நீட்டச் சொல்லிக் கேட்கலாமா என்றும் கேட்டேன்.

"நான் எதுக்கு மேடம் மேல புடிக்கணும்?" என்றாள். "எல்லாரும் அதத்தான் புடிக்கறாங்கன்னு நானும் புடிச்சேன். சீட்டு மூலையில கைப்புடி இருக்குதே."

சிகிச்சை அறையில் இரும்புக் கட்டிலை இருக்கையாகவும் அதன் விளிம்பைக் கைப்பிடியாகவும் வைத்துக்கொண்டோம். இடுப்பைக் கட்டிலின் மூலையில் சாய்த்து, இடது கையால் விளிம்பைப் பிடித்து, டிக்கெட் மிஷினைக் கழுத்து வாரில் தொங்கவிட்டு, வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வேலை செய்வது. நான் பக்கத்திலிருந்து சொல்லாமல் தள்ளுவேன். முதல் நாட்களில் தடுமாறினாள். பிறகு நான் தள்ளினால் எனக்குத்தான் கை வலித்தது.

குழு எங்கள் மருத்துவமனையிலேயே கூடியது. மூன்று மருத்துவர்கள், டிப்போவிலிருந்து கிளை மேலாளர். குழுவின் தலைவர் வெளியூரிலிருந்து வந்த எலும்பு மருத்துவர். ஆறடி இருப்பார். கண்டிப்பானவர், ஆனால் நேர்மையானவர் என்று பெயர். கோணமானியை வைத்து அவளைக் கை தூக்கச் சொன்னார். கை வழக்கமான இடத்தில் நின்றது.

"முழுசா தூக்கும்மா."

"அவ்வளவுதாங்க சார் வரும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இது முழுமையாகலையே. மாற்றுப் பணிக்கு எழுதிடலாம்."

நான் என் அளவுகளைக் காட்டினேன். வலி குறைந்தது, அன்றாட வேலைகள் திரும்பியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "தலை வார முடியுதா, முதுகு தேய்க்க முடியுதான்னு கேட்டிருக்கீங்க. சரி. ஓடுற பஸ்ஸுல, பிரேக் அடிச்சா நிக்க முடியுமான்னு இதுல எங்க இருக்கு? நாளைக்கு இந்தப் பொண்ணு படி வழியா ரோட்டுல விழுந்தா, உங்க மதிப்பெண் பொறுப்பெடுத்துக்குமா?"

செல்வராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் கோபப்படுவது எளிது. அவருக்கு நம் துறை தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. கட்டிலில் சாய்ந்து பழகியதை ஓடும் வண்டியில் செய்வாளா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது. சரியான கேள்விக்குப் பதில் இல்லையென்றால், பதிலைத் தேடிப் போக வேண்டும்.

"நீங்க சொல்றது நியாயம் சார். அப்ப பஸ்ஸுலயே அளந்துடலாம்" என்றேன்.

கிளை மேலாளர் தயங்கினார். தலைவர் மேலாளரிடம், "வண்டி ஏதாவது சும்மா நிக்குதா?" என்று கேட்டார்.

டிப்போவிலிருந்து ஒரு வண்டி வந்து மருத்துவமனை வாசலில் நின்றது. ஓட்டி வந்தவர் ராமலிங்கம். செல்வராணிக்கு அடிபட்ட அன்று வண்டி ஓட்டியவர் அவர்தான். மருத்துவர்கள் ஏறினார்கள். கூட்டம் வேண்டுமே என்று நான் செவிலியர்களையும் ஊழியர்களையும் கூப்பிட்டேன். மருந்துக்காக வரிசையில் நின்றிருந்த கருவேப்பிலங்குறிச்சிப் பெண்கள் சிலர், எங்கள் பக்கம்தானே போகிறது என்று கேட்டு ஏறிக்கொண்டார்கள். வண்டி நிறைந்தது.

தலைவர் ஓட்டுநர் இருக்கை அருகே போய்க் குனிந்து ஏதோ சொன்னார். ராமலிங்கத்தின் முகம் மாறியது. என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், எங்கயாவது ஒரு எடத்துல திடீர்னு பிரேக் போடச் சொல்றாரு. அதுவும் செல்வராணிகிட்ட சொல்லக்கூடாதாம். என்னால முடியாது மேடம். ஏற்கெனவே ஒரு தடவ நான் போட்ட பிரேக்குலதான் அதுக்கு அடிபட்டுச்சு."

இங்கேதான் நான் முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கிழிந்து ஆறிய தசைநாண். தவறினால் முழுசாக அறுந்துவிடும். அப்படி ஆனால் அவளுக்கு வேலை மட்டுமல்ல, கையும் போகும். இன்னொரு பக்கம், இதை மறுத்தால் எங்களுக்கே அவள் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகும். நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் எண்ணிப் பார்த்தேன். இடுப்பு சாய்ந்திருக்கும். இடது கை வலுவாக இருக்கிறது. வலது தோள் எதையும் பிடிக்காது, அதனால் எதுவும் அதை இழுக்காது. பயம்தான் மிச்சம். அந்தப் பயம் என்னுடையதா, அவளுடையதா?

தலைவரிடம் போனேன். "பிரேக் போடலாம் சார். ஆனா அவளுக்குத் தெரியாம போடக்கூடாது. எப்பன்னு தெரிய வேண்டாம், வரும்னு தெரியணும். எந்தக் கண்டக்டரும் அதத் தெரிஞ்சுதான் வண்டியில நிக்கறாரு." அவர் ஒப்புக்கொண்டார்.

செல்வராணியைத் தனியே அழைத்துச் சொன்னேன். "வேணாம்னா இப்பவே சொல்லிடு. நான் பாத்துக்கறேன்."

அவள் என்னைத் தாண்டி ராமலிங்கத்திடம் போனாள். "அண்ணே, நீங்க பாட்டுக்கு எப்பவும் போல ஓட்டுங்க. எனக்காவ மெதுவா ஓட்டுனீங்கன்னா நான் ஃபெயிலு."

விசில் ஊதினாள். வண்டி கிளம்பியது.

ஊரைத் தாண்டியதும் ராமலிங்கம் வேகத்தைக் கூட்டினார். செல்வராணி பின்பக்கமிருந்து ஒவ்வோர் இருக்கையாக வந்தாள். இடுப்பு ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு, இடது கை ஒரு கைப்பிடியிலிருந்து அடுத்ததுக்கு மாறிக்கொண்டே இருந்தது. கருவேப்பிலங்குறிச்சிப் பெண்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தேர்வில் இருப்பதையே மறந்துவிட்டது போலிருந்தது. "கூடைய உள்ள தள்ளி வைம்மா, கால்ல தட்டுது பாரு" என்று ஒருத்தியை அதட்டினாள். தலைவர் முன்படியின் பக்கத்தில், மேல்கம்பியை ஒற்றைக் கையால் பிடித்தபடி நின்று அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவள் அவருக்கு டிக்கெட் கொடுக்க மிஷினைத் தட்டிக்கொண்டிருந்தபோது ராமலிங்கம் பிரேக்கை மிதித்தார்.

வண்டியே முன்னால் குனிந்தது. நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம். மேல்கம்பியில் இருந்த தலைவர் ஒரு சுற்றுச் சுற்றி, கிளை மேலாளரின் மடியில் போய் உட்கார்ந்தார். யாரோ ஒரு செவிலியரின் செருப்பு ஓட்டுநர் வரைக்கும் போனது. செல்வராணி நின்ற இடத்தில் நின்றாள். இடுப்பு இருக்கையின் மூலையில் பதிந்திருந்தது, இடது கை கைப்பிடியில் இறுகியிருந்தது, வலது முழங்கை விலாவை விட்டு அசையவில்லை. மிஷினிலிருந்து டிக்கெட் வந்துகொண்டிருந்தது. அதைக் கிழித்து, எழுந்துகொண்டிருந்த தலைவரிடம் நீட்டினாள்.

"சார், படிக்கிட்ட நிக்காதீங்க. உள்ள தள்ளி வாங்க" என்றாள்.

வண்டி முழுக்கச் சிரித்தது. முதலில் சிரித்தவர் தலைவர்தான். ராமலிங்கம் ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கினார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் தலைவர் கேட்டார். "இப்ப வலி பத்துக்கு எத்தனைம்மா?"

பக்கத்தில் கிளை மேலாளர் இருக்கிறார். எல்லோர் முன்னாலும், அவள் முதல் நாள் என்னிடம் சொன்ன அந்த ரெண்டைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். வண்டியில் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

செல்வராணி தோளை மெதுவாக ஒருமுறை சுழற்றிப் பார்த்தாள். "நாலு இருக்குதுங்க சார்" என்றாள். "காலையில ஒண்ணுதான் இருந்துது. இந்தப் பிரேக்குல நாலாயிருச்சு. ஆனா வேலைக்கு எடஞ்சலா இல்ல."

தலைவர் தலையசைத்தார். திரும்பி வரும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி எல்லோரும் டீ குடித்தோம். கிளம்பும்போது மறுபடி கேட்டார். "இப்ப?"

"ரெண்டுங்க சார்."

"பிரேக் அடிச்சவுடனே நீ ரெண்டுன்னு சொல்லியிருந்தா, நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்" என்றார் அவர். "வலி ஏறுது, வேலை கெடல, கொஞ்ச நேரத்துல இறங்குது. எனக்கு இது போதும்."

பணிக்குத் தகுதி, மூட்டை தூக்கக்கூடாது, சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனை என்று எழுதினார். கிளை மேலாளர் அவளிடம், "திங்கக்கெழம டூட்டிக்கு வந்துரு" என்றார். செல்வராணி எங்கள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ராமலிங்கத்தின் இருக்கைக்குப் பின்னால் போய் நின்று, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த எலும்பு மருத்துவர் நான் ஓய்வு பெறும் முன் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டார். மின்கம்பம் ஏறுகிற ஒருவரின் தோளைப் பற்றிக் கேட்டார். கை எவ்வளவு தூக்குகிறார் என்று நான் ஆரம்பித்தேன். "அது இருக்கட்டும். கம்பத்துல அவரு எந்தக் கையால கட்டிப் புடிச்சுக்கிறாரு, எந்தக் கையால வேலை செய்யறாரு, அதச் சொல்லுங்க முதல்ல" என்றார். போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்குள் ஒரு குதூகலம் இருந்தது. அந்த மின்வாரியத் தொழிலாளியும் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கோணம் பாருங்கள், வலி எண்ணைக் கேளுங்கள், கேள்விப் பட்டியலை நிரப்புங்கள். எல்லாம் வேண்டும். அதோடு அந்த ஆள் அந்தத் தோளை எங்கே கொண்டுபோகப் போகிறார் என்று விசாரியுங்கள். முடிந்தால் அங்கே போய்ப் பாருங்கள். போகும்போது உங்கள் முடிவு தவறாகலாம் என்ற பயத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். அது நல்ல பயம்.

ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம், திட்டக்குடியில் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் முகூர்த்த நாள் கூட்டம். வண்டி வந்ததும் ஓடிப்போய் ஏறப் பார்த்தேன். படியில் செல்வராணி நின்றிருந்தாள். என்னை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தாள். சரி, நமக்கு ஓர் இடம் கிடைத்துவிடும் என்று நானும் படியில் கால் வைத்தேன்.

"மேடம், வண்டி ஃபுல்லு. படியில ஏறாதீங்க. பின்னாடியே அடுத்த வண்டி வருது, அதுல வாங்க" என்றாள்.

விசில் ஊதினாள். வண்டி நகர்ந்தது. நான் புடவையைப் பிடித்தபடி அந்தப் புகையில் நின்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "தெரிஞ்ச பொண்ணாட்டம் இருக்குது, ஏத்திக்கலையே" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.